சம்மட்டி அடிச்சே நிலத்தடி நீர்மட்டம் எவ்ளோ ஆழம்னு பாக்கலாம்

தரைல இரும்பு பிளேட் வெச்சு சம்மட்டியால ஓங்கி அடிங்க, அதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் எலக்ட்ரோடு கம்பிய ஜோடி ஜோடியா இறக்கி வெச்சிருக்கணும், மண்ணு காஞ்சிருந்தா உப்புத்தண்ணி ஊத்துங்க. அதிர்வு நீர்மட்டத்த தொட்டதும் மண் இடுக்குல தண்ணி அசையும், கூடவே அயனியும் நகர்றதால துளியூண்டு வோல்டேஜ் வரும். இது எல்லா ஜோடிலயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல தெரியும், தள்ளி இருக்குற ஜோடில லேட்டா வந்தா அது மேலாப்புல ஓடுற அலையோடது, விட்ருங்க. ஒரே நேரத்துல தெரியுற அந்த வோல்டேஜ், அடிச்ச 20 மில்லிசெகண்ட்ல வந்து, அலை வேகம் செகண்டுக்கு 400 மீட்டர்னா ஆழம் 8 மீட்டர், எதிரொலி கணக்கு மாதிரி ரெண்டால வகுத்துடாதீங்க, மின்சிக்னல் மேல வர நேரமே ஆகாது. பக்கத்துல கரண்ட் லைன் இருந்தா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மொத்தத்தையும் முழுங்கிடும், அத ஃபில்டர் பண்ணி, பல தடவ அடிச்சு சராசரி எடுங்க (தோள்பட்டை பாவம்தான்).