எஞ்சினைத் தேடும் முன் படகை அளந்துவிடுங்கள்: சிறு விசைப்படகில் எஞ்சின் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிறு விசைப்படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினை மாற்ற முடிவெடுத்ததும் முதலில் புரட்டுவது விலைப்பட்டியலைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் எஞ்சின், எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் பிறகு வர வேண்டிய கேள்விகள். முதலில் தெரிய வேண்டியது படகு. நீர்மட்டத்தில் அதன் நீளம் எவ்வளவு, எஞ்சின் அறையின் உள்ளளவு எவ்வளவு, எஞ்சினை இறக்கும் வாய் எவ்வளவு அகலம், எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் தண்டான ஷாஃப்ட் எவ்வளவு தடிமன், புரொப்பெல்லரின் விட்டம் என்ன, அது எந்தப் பக்கம் சுழல்கிறது? இவை கையில் இல்லாமல் வாங்கிய எஞ்சின், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பட்டறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பணத்தைத் தின்னும். புது எஞ்சினின் வரைபட அளவுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி செய்து உள்ளே இறக்கிப் பாருங்கள். வாசலில் இடிக்கிறதா, பின்னாளில் எண்ணெய் ஃபில்டரைக் கழற்றக் கை நுழையுமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, குதிரைத்திறன் கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை. செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் லாசரஸ் தீவுக்கும் நிதானமாகப் போய்வரும் கனத்த படகுகள் பல, நீரை விலக்கிக்கொண்டே செல்லும் உடலமைப்பு உடையவை. அத்தகைய படகின் வேகத்துக்கு ஏறக்குறைய ஓர் எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் அந்த வேகம் கிடைக்கும். 25 அடி என்றால் சுமார் 6.7 நாட். 40 குதிரைத்திறனில் அந்த வேகத்தைத் தொடும் படகில் 80 பொருத்தினால், படகு பின்புறம் தாழ்ந்து பெரிய அலையை எழுப்பும், டீசல் கரையும், வேகம் ஏறாது. நீர்மேல் எழுந்து சறுக்கிச் செல்லும் படகுகளின் கணக்கு வேறு. அங்கே எடைதான் எதிரி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வெளிப்புற எஞ்சினை எடுத்துவிட்டு அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக்கை மாட்டும்போது எடை பெரும்பாலும் கூடும். பின்சுவர் அதைத் தாங்குமா, நீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுமா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு புரொப்பெல்லரில் இருக்கிறது. எஞ்சின் புதிது, கியர்பாக்ஸ் புதிது, புரொப்பெல்லர் மட்டும் பழையது என்று விட்டுவிடுகிறார்கள். புது எஞ்சினின் சுழற்சி வேகமும் கியர் விகிதமும் மாறியிருக்கும். பழைய புரொப்பெல்லர் அதற்குப் பொருந்துவது தற்செயல்தான். சோதிக்கும் முறை எளிது. டாங்குகளை நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, திறந்த நீரில் முழு வேகம் கொடுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று குறிக்கப்பட்ட எஞ்சின் 2,700 சுற்றிலேயே நின்றால், புரொப்பெல்லர் அதற்கு மிகப் பெரியது. எரிக்க முடியாத டீசல் உள்ளே போகிறது, கரும்புகை வருகிறது, வால்வுகள் வெந்துபோகின்றன. அதற்குமேல் நம் கடலின் வெப்பமும் சேர்கிறது. விவரக் கையேடுகளில் அச்சிட்டிருக்கும் திறன் பொதுவாக 25 டிகிரி செல்சியஸ் காற்றுக்குக் கணக்கிடப்பட்டது. இங்கே நிழலிலேயே 30ஐத் தாண்டுகிறது. மூடிய எஞ்சின் அறையில் இன்னும் அதிகம். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் திறனும் குறைவு. மேலும், வெதுவெதுப்பான நீரில் சிப்பியும் பாசியும் வேகமாக ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதியைச் சுத்தம் செய்து சில வாரங்களிலேயே சுற்று குறையத் தொடங்கும். ஆகவே சுத்தமான படகில் குறித்த சுற்றைச் சற்றே தாண்டும்படி புரொப்பெல்லர் இதழ்களின் சாய்வை (பிட்ச்) குறைத்து வைப்பதே இங்கே சரி. காற்று வரும் வழிகளையும் அப்போதே அகலப்படுத்துங்கள்.

ஷாஃப்ட்டையும் எஞ்சினையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலையைப் படகு தரையில் இருக்கும்போதே முடித்துவிட்டதாக நினைப்பதும் தவறு. தாங்குகட்டைகளின்மேல் இருக்கும் உடலும் நீரில் மிதக்கும் உடலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. தரையில் செய்வது தோராயச் சரிபார்ப்பு மட்டுமே. இறக்கிய பிறகு ஓரிரு நாள் மிதக்கவிட்டு, கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, இரு முகங்களுக்கும் நடுவே சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளக்க வேண்டும். கப்ளிங்கின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் இடைவெளியின் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் எடையில் அமிழும் என்பதால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பது அவசியம். பட்டறைக்காரர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதிர்வில் முதலில் தேய்வது பேரிங், அடுத்துக் கசிவது ஷாஃப்ட் வெளியேறும் இடம்.

புகைக்குழாயைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. புது எஞ்சின் பழையதைவிடத் தாழ்வாக அமர்ந்தால், குளிர்விக்கும் கடல்நீர் புகையோடு கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழோ, அதை ஒட்டியோ வந்துவிடும். எஞ்சின் நின்ற பிறகு நீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறி, சிலிண்டர்வரை போகும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே உயரும் வளைவும் அதன் உச்சியில் காற்று வால்வும் தேவை. இதே ஆபத்து முதல் நாளிலும் உண்டு: கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. சைலன்சர் நிரம்பி நீர் பின்னோக்கி வரும். நீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும். இரண்டு மூன்று முறையில் கிளம்பாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். கிளம்பிய நொடியில் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

பழைய எஞ்சின் வெளியே இருக்கும் நாட்களைப் போல டீசல் டாங்கைச் சுத்தம் செய்ய நல்ல சமயம் வாய்க்காது. ஈரக்காற்றில் டாங்கின் அடியில் நீர் சேரும். அந்த நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் குழம்பாகும். பழைய எஞ்சின் அதையும் விழுங்கி ஓடியிருக்கலாம். இன்றைய காமன் ரெயில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும்) எஞ்சின்களில் டீசல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் மிக நுண்ணிய துளைகள் வழியே பாய்கிறது. சிறு துகளும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கெடுக்கும்.

விலைக்கு வருவோம். எஞ்சினுக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. அதற்குமேல் கிரேன், தரையில் நிறுத்தும் நாட்கள், புது ஷாஃப்ட், குழாய்கள், மின்கம்பிகள் எல்லாம் சேரும். இவற்றை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். படகின் உரிமம் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் இருக்கிறது. மாற்றத்துக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்று முன்கூட்டியே அவர்களிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்து கடலுக்குப் போகும்போது புது எஞ்சினை மெல்ல மெல்ல ஓட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். டீசல் எஞ்சினுக்கு அது கேடு. சுமையில்லாமல் நீண்ட நேரம் ஓடினால் சிலிண்டர் சுவர் வழவழப்பாகி, பிஸ்டன் வளையங்கள் சரியாகப் பதியாமல் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். கையேடு சொல்லும் அளவுக்குச் சுமை கொடுத்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, முதல் எண்ணெய் மாற்றத்தைக் குறித்த மணிக்கணக்கில் (பல எஞ்சின்களுக்கு 50 மணி நேரம்) செய்துவிடுங்கள். முதல் சோதனை ஓட்டத்தில் முழு வேகச் சுற்றையும் நீர் வெப்பத்தையும் ஏட்டில் எழுதிவைத்தால், மாதாமாதம் அதனோடு ஒப்பிட்டு, அடிப்பகுதியைச் சுரண்ட ஆள் கூப்பிட வேண்டிய நாளை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.