பி16ஏ எஞ்சின் மாற்றியபின் உயிர் பெறாத ஹோண்டா சிவிக்: என் அனுபவம்

மலேசியாவின் கிள்ளானில், 1993 ஹோண்டா சிவிக் காரின் டி15 எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டிய பழைய காரின் முன்பகுதி) 1595 சிசி பி16ஏ எஞ்சினைப் பொருத்தினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கம்பீரமாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவே இல்லை. பெட்ரோல் பம்பின் இரண்டு விநாடி முனகலும் கேட்கவில்லை. பம்புக்குக் கரண்ட் தரும் மெயின் ரிலேயை மாற்றினேன். பம்புக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தேன், ஓடியது. தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றிப் பார்த்தேன், வீண் செலவு.

நான்காம் நாள்தான் கவனித்தேன்: சாவியை ஆன் நிலையில் வைத்தால் இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டிய எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. அப்படியானால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவே விழிக்கவில்லை. பம்பை ஓட்ட அந்த ரிலேயை இயக்குவதும் அதுதானே!

ஈசியுவின் எர்த் கம்பிகள் எஞ்சினில் உள்ள தெர்மோஸ்டாட் (குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) உறையில் ஒரு போல்ட்டில் வந்து முடிகின்றன. அழகுக்காக அந்த உறைக்கு நான் வெள்ளி பெயின்ட் அடித்திருந்தேன்; அது எர்த்தைத் தடுத்துவிட்டது. ஸ்டார்ட்டருக்கு கியர்பாக்ஸில் தனித் தடித்த எர்த் பட்டை இருப்பதால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே என்னை ஏமாற்றியது. உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டி, போல்ட்டை மீண்டும் முடுக்கினேன். விளக்கு எரிந்தது, பம்ப் முனகியது, முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.