வியாழனின் நான்கு நிலவுகளைப் பைனாகுலரில் கண்டு, எது எதுவென்று அறிவது எப்படி?

வியாழனைச் சுற்றும் துணைக்கோள்களின் எண்ணிக்கை இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவற்றுள் அயோ, யூரோப்பா, கனிமீடு, காலிஸ்டோ ஆகிய நான்கை மட்டும் ஒரு சாதாரண பைனாகுலரால் பார்த்துவிடலாம். செயலியைத் திறந்தால் எந்தப் புள்ளி எந்த நிலவு என்று நொடியில் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே நாம் செயலியைத் தொடாமல், ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு மூன்று வாரங்களில் அதை நாமே கண்டறியப் போகிறோம்.

படி 1: வியாழனைக் கண்டுபிடித்தல்

சூரியனுக்கு நேரெதிரே வியாழன் வரும் நிலை ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை அமைகிறது. அப்போது அது சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்து இரவு முழுவதும் தெரியும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் பார்ப்பதற்கு ஏற்ற காலம். வெள்ளி தெரியாத நேரத்தில், மினுமினுக்காமல் நிலையாக ஒளிரும் மிகப் பிரகாசமான புள்ளி பெரும்பாலும் வியாழனாகவே இருக்கும். நகர வெளிச்சமோ நிலவொளியோ இந்த வேலைக்குப் பெரிய தடையில்லை. சூரியன் முழுவதும் மறைவதற்கு முன் பைனாகுலரை வானத்தை நோக்கித் திருப்பக் கூடாது என்பது மட்டும் மீறக்கூடாத விதி.

படி 2: பைனாகுலரை அசையாமல் நிறுத்துதல்

10×50 என்று குறிக்கப்பட்ட பைனாகுலர் போதும். பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை என்பது அதன் பொருள். கையில் பிடித்துப் பார்த்தால் புள்ளிகள் கோடுகளாக நடுங்கும் என்பதால், முக்காலியில் பொருத்துங்கள், அல்லது மதில்மேல் தலையணை வைத்து அதன்மீது அமர்த்துங்கள். நிலவுகள் வியாழனிலிருந்து வெகுதூரம் தள்ளித் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிகத் தொலைவில் செல்லும் காலிஸ்டோகூட, நம் முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு மேல் விலகுவதில்லை. அயோ கோளின் ஒளிவீச்சிலேயே அடிக்கடி கரைந்துவிடும். முதல் இரவில் இரண்டோ மூன்றோ புள்ளிகள் மட்டும் தெரிந்தால் உங்கள் பார்வையில் குறையில்லை.

படி 3: வரைதல்

இதுதான் முக்கியமான படி. பக்கத்தின் நடுவே 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்து, அதன் இருபுறமும் 7 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். நிலவுகள் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே அமையும், ஏனெனில் அவற்றின் பாதைகளை நாம் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். இந்த அளவுத்திட்டத்தில், வட்டத்தின் மையத்திலிருந்து அயோ அதிகபட்சம் 15 மி.மீ., யூரோப்பா 23, கனிமீடு 37, காலிஸ்டோ 66 மி.மீ. வரை செல்லும். பைனாகுலரில் கோளின் வட்டு மிகச் சிறியதாகத் தெரிவதால், அதை அளவுகோலாகக் கொள்வதைவிட, புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரைவது துல்லியம் தரும்.

திசையை இடம், வலம் என்று எழுதாதீர்கள். பைனாகுலரை அசைக்காமல் விட்டுவிட்டால் வியாழன் மெல்ல ஒரு விளிம்பை நோக்கி நகரும். அந்த விளிம்பே மேற்கு. கருவி எதுவானாலும், நீங்கள் பூமியின் எந்தப் பகுதியில் இருந்தாலும் இந்த முறை பிழைக்காது. தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். என் முதல் குறிப்பேட்டில் நேரம் குறிக்காமல் விட்ட நான்கு இரவுகளின் படங்களைப் பின்னர் எதற்குமே பயன்படுத்த முடியவில்லை.

கலிலியோ செய்ததும் இதைத்தான். 1610 ஜனவரி 7 அன்று வியாழனுக்குக் கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று என மூன்று புள்ளிகளைக் குறித்துவைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே நின்றன. முதல் நாள் குறிப்பு இல்லாதிருந்தால் இரண்டாம் நாள் காட்சியில் வியப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. நான்காவது நிலவு அவர் கண்ணில் பட்டது 13-ஆம் தேதி.

படி 4: பெயரிடுதல்

எளியதிலிருந்து தொடங்குவோம். கனிமீடின் எல்லையான 37 மி.மீ.க்கு அப்பால் ஒரு புள்ளி நின்றால் அது காலிஸ்டோ மட்டுமே. மற்றவற்றைப் பிரித்தறிய, ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் பாருங்கள். ஒரு நிலவு கிழக்கே தன் கடைசி எல்லையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது காலிஸ்டோவாக இருந்தால் மறுநாளும் ஏறத்தாழ அங்கேயே இருக்கும். கனிமீடு அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்திருக்கும். யூரோப்பா கோளை ஒட்டி வந்துவிடும். அயோவோ மேற்கு எல்லைக்கே தாவியிருக்கும், ஏனெனில் அது ஒரு சுற்றை 42½ மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. (ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஐயோ’ என்றே ஒலிக்கும், இதைத் தேடிக் களைத்தவர்களுக்கு அந்த உச்சரிப்பே பொருத்தமாகத் தோன்றும்.) பொதுவாக நான்கில் கனிமீடே பிரகாசமானது என்பதையும் துணைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஒரு நிலவைக் காணவில்லையென்றால், அது கோளுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கலாம், அல்லது கோளின் நிழலுக்குள் நுழைந்திருக்கலாம். அயோவின் இத்தகைய மறைவுகள், பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் தாமதமாவதைக் கவனித்துத்தான், ஒளி பயணம் செய்ய நேரமெடுக்கிறது என்று டென்மார்க் வானியலாளர் ரோமர் 1676-இல் முடிவுக்கு வந்தார்.

மாறாக, ஐந்தாவதாக ஒரு புள்ளி தெரிந்தால் அது பின்னணி விண்மீன். வியாழன் நகர்ந்ததும் அது பின்தங்கிவிடும். ஆனாலும் அதையும் வரைந்துவையுங்கள். 1612 டிசம்பரில் கலிலியோ அப்படி விண்மீனாகக் குறித்த ஒரு புள்ளி உண்மையில் நெப்டியூன். அதை ஒரு கோள் என்று உலகம் அறிந்தது 1846-இல்.

படி 5: கணக்குப் பார்த்தல்

மூன்று வாரப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு நிலவு கிழக்கு எல்லையிலிருந்து மீண்டும் கிழக்கு எல்லைக்கு வர எத்தனை நாளாகிறது என்று எண்ணினால் சுற்றுக்காலம் கிடைக்கும். கனிமீடுக்கு 7.15 நாள், காலிஸ்டோவுக்கு 16.7 நாள் என்ற மதிப்புகளை உங்கள் விடை நெருங்க வேண்டும். இப்போது கெப்ளரின் மூன்றாம் விதியைச் சோதிக்கலாம்: தூர விகிதத்தின் மும்மடியும் கால விகிதத்தின் இருமடியும் சமமாக இருக்க வேண்டும். படத்தில் தூரங்கள் 66, 37 என்றால் முதல் எண் 5.7 என்று வரும். காலங்களைக் கொண்டு கணக்கிட்டால் 5.5. இடைவெளியைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். கனிமீடை 37.5 மி.மீ.யில் வரைந்திருந்தாலே இரண்டும் ஒன்றாகியிருக்கும். பென்சில் முனையின் தடிமனே அவ்வளவு இருக்கும்.