நெல்லை வெயிலில் பழ ரொட்டி

அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் பிழியும்போது, கடைசியில் கையில் ஒரு சக்கை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தவிட்டோடு கலந்திருக்கும் அந்த இழுவைதான் கோதுமையின் புரதம், குளூட்டன். அல்வாவுக்கு அது ஆகாது, தூக்கிப் போட்டுவிடுவோம். ரொட்டிக்கோ அதுதான் உயிர். ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைத்து மாவை உப்பவைப்பது அந்த இழுவைதான். பழமும் முந்திரியும் போட்ட ரொட்டி சுடுவதில் பாதி வேலை இந்த இழுவையை வரவழைப்பது. மீதிப் பாதி, பழத்தைப் போடுகிறேன் என்று அதைக் கெடுத்துவிடாமல் இருப்பது.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு கேக் மாறும். நான் கேக்கை விட்டுவிட்டுப் பழ ரொட்டியைக் கொடுத்தனுப்புவது வழக்கம். அதைச் சாப்பிட்ட பிறகு வள்ளியூரில் இருக்கிற என் மைனி போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்யப் பழகினார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புத்தகங்களில் இருக்கும் முறைகள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை. ‘வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்’ என்று அதில் இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அப்படிச் செய்தால் மாவு பொங்கி, புளித்து, படுத்துவிடும்.

முதலில் அளவு. மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், கருப்பட்டி 40 கிராம், பால் 150 மில்லி, தண்ணீர் 100 மில்லி, உப்பு 7 கிராம், உப்பு போடாத வெண்ணெய் 30 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். இதற்குப் பழம் 100 கிராம், முந்திரி, பாதாம் வகை 60 கிராம். 9 அங்குல நீளம், 5 அங்குல அகலமுள்ள ரொட்டி டின் ஒன்றுக்கு இது சரியாக இருக்கும். பழத்தையும் பருப்பையும் சேர்த்து மாவின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் மாவால் தூக்க முடியாது, ரொட்டி கட்டியாக நின்றுவிடும். எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் அள்ளினால் ஒருநாள் அமுக்கி அள்ளுவோம், ஒருநாள் தளர அள்ளுவோம். ஒரே டம்ளர் மாவு என்றாலும் எடை வேறு வேறாக வரும்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்பது என் விருப்பம். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடவே விடாதீர்கள். ரொட்டி வேகும்போது அந்த மணம் தெரு வரைக்கும் போகும். 100 மில்லி தண்ணீரைச் சுடவைத்து, தட்டிய கருப்பட்டியைப் போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் கொஞ்சம் மணலும் தூசியும் இருக்கும். ரொட்டியில் ஒரே ஒரு மணல் பல்லில் கடிபட்டால் போதும், அத்தனை உழைப்பும் வீண். வடிகட்டியதை நன்றாக ஆறவிடுங்கள். பாலையும் காய்ச்சி ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

பதநீர் எடுக்கிறவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு என்று நமக்குத் தெரியும்: தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். புளிக்கவைக்கிறதும் ஈஸ்ட்தான். இனிப்பைத் தின்று காற்றை விடுவது அதன் வேலை. சூடு ஏற ஏற வேகமாகத் தின்னும், 55, 60 டிகிரிக்குப் போனால் செத்துவிடும். அதனால் கருப்பட்டித் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால்கூடப் போதாது, ஆறியே இருக்க வேண்டும். மே மாதத்தில் நான் பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே விடுகிறேன். பிசைந்து முடித்த மாவு 25, 26 டிகிரியில் இருப்பதுதான் குறி. மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். மண்பானைத் தண்ணீர் நல்லது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரே எடுங்கள்.

இனிப் பழம். என் கணக்கில் உலர் திராட்சை 60 கிராம், பேரீச்சை 25, உலர்ந்த அத்தி 15. திராட்சையை அப்படியே போட்டால், மாவில் இருக்கிற ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். ரொட்டி மறுநாளே காய்ந்துபோகும். வெளியே துருத்தி நிற்பது ஓவனில் கருகிக் கசக்கும். அதனால் ஊறவைப்பது கட்டாயம். நான் வெறும் தண்ணீரில் ஊறவைப்பதில்லை. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேர்க்காமல் சுக்குக் காப்பி கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தச் சூட்டில் திராட்சையையும் அத்தியையும் 20 நிமிடம் போட்டுவைக்கிறேன். சுக்கின் காரம் பழத்துக்குள் இறங்கி இனிப்பை ஒரு மட்டாக வைக்கும். அப்புறம் வடிகட்டியில் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, பருத்தித் துணியில் பரப்பி ஒற்றியெடுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஈரப் பழம் விழுந்த இடத்தில் மாவு கூழாகி, வெந்த பிறகும் நசநசவென்று இருக்கும். பேரீச்சையை ஊறவைக்க வேண்டாம், கரைந்து மாவெல்லாம் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் கெட்டியான பழமாகப் பார்த்து, திராட்சை அளவுக்கு நறுக்கி, ஒரு சிட்டிகை மாவில் புரட்டி வையுங்கள்.

வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் போடவே கூடாது. அவற்றில் இருக்கும் நொதி புரதத்தைக் கரைக்கும். நாம் கை நோகப் பிசைந்து வரவழைத்த இழுவை அறுந்து மாவு தளர்ந்துவிடும்.

முந்திரிக்கு முழுப்பருப்பு தேவையே இல்லை. துண்டு முந்திரி விலையும் குறைவு, ரொட்டிக்கு அதுதான் வசதி. முழு முந்திரி இருந்தால் அறுக்கும்போது கத்தி அதில் மாட்டித் துண்டு பிய்யும். இரும்புச் சட்டியில் சிறு தீயில் நெய் விடாமல் வறுத்து, இளம் பொன்னிறம் வந்ததும் இறக்கி, தட்டில் பரப்பிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். பாதாமைத் தோலோடு வறுத்து நறுக்கலாம். வால்நட் போட்டால் அதன் தோலில் இருக்கும் துவர்ப்பு மாவில் இறங்கி அங்கங்கே ஊதா நிறம் காட்டும். கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம்.

பட்டைப் பொடி போட ஆசையாக இருக்கும். கால் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், பட்டை அதிகமானால் ஈஸ்டின் வேகம் குறையும். ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டால் தாராளம்.

பிசைவதற்கு வருவோம். மாவு, ஈஸ்ட், பால், கருப்பட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மாவு நனைந்ததும் மூடி 20 நிமிடம் சும்மா விடுங்கள். நாம் தொடாமலே இழுவை பாதி வந்துவிடும். அப்புறம் உப்பு. கல் உப்பு என்றால் பொடித்துப் போடுங்கள். ஐந்து நிமிடம் பிசைந்த பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் வெண்ணெய் மாவைச் சுற்றிக்கொண்டு இழுவை வர விடாது. வெண்ணெய் விழுந்ததும் மாவு நழுவிப் பிசுபிசுக்கும். மைனி போன் போட்ட இடம் இதுதான். “கையெல்லாம் ஒட்டுதே, இன்னும் ரெண்டு கை மாவு போடட்டா?” என்றார். “போடாதீங்க மைனி, இன்னும் அஞ்சு நிமிஷம் பிசைங்க” என்றேன். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு ரொட்டி மாவு தளர்வாகத்தான் தெரியும். ஒட்டுகிறதே என்று மாவு சேர்த்துக்கொண்டே போனால் ரொட்டி இறுகும். உள்ளங்கை அடியால் தள்ளி, மடித்து, திருப்பி மறுபடியும் தள்ளுங்கள். வெண்ணெய் சேர்த்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மாவு பலகையை விட்டுக் கழன்று வரும். ஒரு சின்ன உருண்டை கிள்ளி, இரண்டு கையாலும் மெல்ல விரித்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். கிழியாமல் விரிந்து, அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தால் இழுவை வந்துவிட்டது. கோதுமை மாவு கலந்திருப்பதால் தவிட்டுப் புள்ளிகள் தெரியும், அது பரவாயில்லை.

இதற்குப் பிறகுதான் பழம். முன்னாடியே போட்டுப் பிசைந்தால் திராட்சை நசுங்கும், முந்திரியின் முனைகள் மாவைக் கீறும். பத்து நிமிடம் மாவை ஓய்வாக விட்டு, பலகையில் செவ்வகமாகத் தட்டி, பழத்தையும் பருப்பையும் சமமாகத் தூவி, பாயாகச் சுருட்டி, இரண்டு மூன்று தடவை மடித்து அமுக்கினால் போதும். அங்கங்கே ஒன்றிரண்டு உதிரும், கவலைப்படாமல் திரும்பச் செருகிவிடுங்கள். கேக்கில் பழம் அடியில் போய் உட்காருமே என்று மைனி கேட்டார். ரொட்டி மாவு கெட்டி என்பதால் அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள், மாவிடம் கேளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும், மார்கழியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். மாவில் தொட்ட விரலால் அமுக்கிப் பாருங்கள். குழி உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் பக்குவம். குழி அப்படியே நின்று சுற்றிலும் அமுங்கினால் நேரம் தாண்டிவிட்டது.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நம் பக்கம் வெயில் தணியும், ஆனால் காற்று அடிக்கும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று பட்டால் மாவின் மேல் பொருக்குத் தட்டி, மேற்கொண்டு எழும்ப விடாது. ஈரத்துணியைப் பிழிந்து பாத்திரத்தின் மேல் போடுங்கள், துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள்.

கோடையில் எனக்குப் பிடித்த வழி வேறு. ஈஸ்டை 3 கிராமாகக் குறைத்து, ராத்திரி ஒன்பது மணிக்குப் பிசைந்து பழமும் சேர்த்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். குளிரில் மாவு மெதுவாகப் புளித்து, ருசி கூடியிருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்து டின்னில் வைத்தால் ஆறரை, ஏழுக்கு ஓவனில் போய்விடும். பத்து மணிக்கு மேல் ஓவனைப் போட்டால் அடுப்படியில் நிற்க முடியாது.

டின்னில் வைக்கும்போது மாவைத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, விளிம்பைக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே துருத்தி நிற்கும் திராட்சையைப் பிடுங்கி அடியில் செருகுங்கள். டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே எழும்பும்வரை பொறுங்கள். அதற்கு 15 நிமிடம் முன்னதாக ஓவனை 190 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் அதே சூடு, அப்புறம் 175க்குக் குறைத்து இன்னும் 25, 30 நிமிடம். கருப்பட்டியும் பாலும் இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரமே சிவக்கும். 20 நிமிடம் ஆனதும் அலுமினியத் தாளால் தளர மூடுங்கள். மேலே சிவந்ததை நம்பி எடுத்தால் நடுவில் மாவு வேகாமல் இருக்கும். வெளியே எடுத்துக் கவிழ்த்து அடியைத் தட்டினால் உள்ளே கூடாக இருக்கும் சத்தம் கேட்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 94 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

டின்னிலேயே ஆறவிடாதீர்கள், வேர்த்து அடிப்பக்கம் ஈரமாகும். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கம்பித்தட்டில் வையுங்கள். வீட்டில் எல்லோரும் கத்தியும் கையுமாக வந்து நிற்பார்கள். இரண்டு மணி நேரம் கொடுக்காதீர்கள். உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். சூட்டோடு அறுத்தால் கத்தியில் அப்பும், பழம் இழுபடும்.

நம் சூட்டுக்கு வெளியே இரண்டு நாள் தாங்கும், ஐப்பசி மழையில் அதுவும் சந்தேகம்தான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது, ஆனால் ரொட்டி விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துத் தோசைக்கல்லில் நெய் தடவி வாட்டினால் சுட்ட அன்றைய மெதுமை வரும். மிஞ்சிப்போன துண்டுகளை விரற்கடை அகலத்துக்கு நறுக்கி 120 டிகிரியில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். நன்றாக ஆறியதும் டப்பாவில் அடைத்தால் காப்பிக்குத் தொட்டுக்கொள்ள ரஸ்க் தயார்.