கான்டனீஸ் ரோமன் எழுத்துமுறைகள்: யுட்பிங்கிலிருந்து யேலுக்கு மாற்றும் முறை

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டனீஸைக் கற்கத் தொடங்குபவர்கள் திகைத்து நிற்கும் முதல் இடம், ஒரே சொல் அகராதியில் ஒரு விதமாகவும் பாடநூலில் வேறு விதமாகவும் ரோமன் எழுத்தில் இருப்பதுதான். ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-இல் வகுத்த யுட்பிங் முறை, ஆறு தொனிகளையும், அதாவது பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கங்களையும், அசையின் இறுதியில் எண்ணாகக் குறிக்கிறது. அதற்கு முந்தைய யேல் முறையோ உயிரெழுத்தின் மேலிடும் கோடுகளாலும் எச் என்ற எழுத்தாலும் குறிக்கிறது. ஒவ்வோர் அசையையும் முதல்மெய், ஈறு (அதன்பின் வரும் உயிரும் இறுதிமெய்யும்), தொனி என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் மாற்றம் எளிது.

முதல் படி, முதல்மெய். யுட்பிங்கின் ஜே யேலில் ஒய் ஆகும், இசட் ஜே ஆகும், சி-யுடன் எச் சேரும், மற்றவை மாறுவதில்லை. கணினியில் தேடி மாற்றுபவர்கள் இந்த வரிசையைக் கட்டாயம் காக்க வேண்டும். இசட்டை முதலில் ஜே ஆக்கிவிட்டால், அடுத்த சுற்றில் அதுவும் ஒய் ஆகி, இரண்டு ஒலிகள் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். மாற்றியபின் இரண்டு ஒய் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை நீக்குங்கள்.

இரண்டாம் படி, ஈறு. ஓ-ஈ (oe), ஈ-ஓ (eo) ஆகிய இரண்டு எழுத்திணைகளுமே யேலில் ஈ-யு (eu) ஆகின்றன. அசை இரட்டை ஏ-யில் முடிந்தால் ஒரு ஏ போதும். அதன்பின் வேறு எழுத்து இருந்தால் இரண்டும் நிற்கும்.

மூன்றாம் படி, தொனி. 1-க்குக் கிடைக்கோடு, 2-க்கும் 5-க்கும் ஏறுகோடு, 4-க்கு இறங்குகோடு. 3-க்கும் 6-க்கும் கோடு இல்லை. 4, 5, 6 ஆகிய தாழ்ந்த தொனிகளில் உயிரெழுத்துகளை அடுத்து, இறுதிமெய்க்கு முன்பாக எச் வரும்.

'மனிதர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யுட்பிங்கில் அது ஜே-ஏ-என்-4. ஜே ஒய் ஆகிறது, ஏ இறங்குகோடு பெறுகிறது, அதற்கும் என்-னுக்கும் நடுவில் எச் நுழைகிறது: ஒய்-ஏ-எச்-என். இந்த எச் தொனிக்குறியே தவிர ஒலி அன்று. யேலிலிருந்து திரும்பி வரும்போது இதைத்தான் முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஹாங்காங்கின் ஊர்ப்பெயர்ப் பலகைகளிலிருந்து மட்டும் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். தைகூ, தைபோ என்ற இரண்டு பெயர்களின் முதல் அசையும் பலகையில் ஒரே எழுத்துகளில்தான் இருக்கிறது. ஆனால் தைகூவின் முதல்மெய் மூச்சு வெளிப்பட ஒலிக்கிறது, தொனி 3; தைபோவின் முதல்மெய் ஏறத்தாழ நம் 'தலை' என்ற சொல்லின் தகரம்போல மூச்சின்றி ஒலிக்கிறது, தொனி 6. யுட்பிங்கும் யேலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கின்றன. பலகை எழுத்தில் அந்த வேறுபாடும் இல்லை, தொனியும் இல்லை. ஆகவே பலகையிலுள்ள சீன எழுத்தை அகராதியில் தேடி, அங்குள்ள யுட்பிங் வடிவத்திலிருந்து முதல் படியைத் தொடங்குங்கள்.