அன்கண்டிஷனல் ஆஃபர் வந்துவிட்டதா? அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள்

"பிள்ளைக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது, மார்க் என்ன வந்தாலும் சேர்த்துக்கொள்வார்களாம்." லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது, குளிர்காலம் வந்தாலே யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ இதைச் சொல்லிக் கேட்கிறேன். சந்தோஷமான செய்திதான். ஆனால் அதோடு சேர்த்து, "உடனே ஓகே கொடுத்தாச்சு" என்கிறார்களே, அப்போதுதான் எனக்குப் பதறுகிறது. அந்த ஓகேயில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் இந்த ஆஃபர் என்ன என்று பார்த்துவிடுவோம். பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம் (மருத்துவம் என்றால் நான்குதான்). நம் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சை மே, ஜூனில் நடக்கும், ரிசல்ட் ஆகஸ்ட் நடுவில் வரும். பல்கலைக்கழகங்களோ அதற்குப் பல மாதங்கள் முன்பே, ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த கிரேடை வைத்துத்தான் முடிவு சொல்லும். அதனால் பெரும்பாலான ஆஃபர்கள் நிபந்தனையோடு வரும்: ஏ, ஏ, பி எடுத்தால் இடம் உண்டு என்பது மாதிரி. அன்கண்டிஷனல் என்றால் அந்த கிரேடு நிபந்தனை கிடையாது. ஒப்புக்கொண்டால் இடம் உங்களுக்குத்தான், ஆகஸ்டில் ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூகாஸில் ஒருவர் இரண்டு ஆஃபர்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஃபர்ம், அதாவது உங்கள் முதல் தேர்வு. இன்னொன்று இன்ஷூரன்ஸ், முதல் தேர்வுக்கு வேண்டிய கிரேடு வராவிட்டால் போகும் இடம். ஆனால் அன்கண்டிஷனல் ஆஃபரை ஃபர்ம் ஆக்கிவிட்டால் இன்ஷூரன்ஸே கிடையாது. மற்ற எல்லா ஆஃபர்களும் தானாக ரத்தாகிவிடும். "பரவாயில்லை, ரிசல்ட் நன்றாக வந்தால் அந்த இன்னொரு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டு ஃபர்ம் செய்பவர்கள் நிறையப் பேர். அப்படித் தானாக மாற வழியில்லை. நிபந்தனையோடு வந்த ஆஃபரில் கேட்டதைவிட நல்ல மார்க் வந்தவர்கள் கையில் இருக்கும் இடத்தை விடாமலே வேறு இடம் தேடிப் பார்க்க அட்ஜஸ்ட்மெண்ட் என்று ஒரு ஏற்பாடு முன்பு இருந்தது, 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்கண்டிஷனல் ஆஃபரை இன்ஷூரன்ஸாகவும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை உண்மையில் ஆசைப்படும் இடம் ஏ, ஏ, பி கேட்கிறது, இன்னொரு இடம் நிபந்தனையில்லாமல் வா என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டதை ஃபர்ம் ஆக்கி, மற்றதை இன்ஷூரன்ஸ் ஆக்கினால், மார்க் வந்தால் ஆசைப்பட்ட இடம், வராவிட்டால் உறுதியான இடம். இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு வேறு இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸும் உண்மையிலேயே போய்ப் படிக்கச் சம்மதமான இடமாக இருக்க வேண்டும். ஃபர்ம் கைவிட்டுப் போனால் நீங்கள் போவது அங்கேதான்.

சரி, அப்படியென்றால் பல்கலைக்கழகம் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? எல்லா நேரமும் இல்லை. "எங்களை ஃபர்ம் செய்தால் மட்டும் அன்கண்டிஷனல், இல்லாவிட்டால் இன்ன கிரேடு வேண்டும்" என்று ஒரு வகை ஆஃபர் வந்ததுண்டு. பதினேழு வயதுப் பிள்ளையை இப்படி நெருக்குவது நியாயமே இல்லை என்பது என் கருத்து, அரசாங்கமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. 2019இல் அப்போதைய கல்வி அமைச்சர் டேமியன் ஹைண்ட்ஸ் 23 பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதி இதை நிறுத்தச் சொன்னார், 2020இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் உயர்கல்விக் கண்காணிப்பு அமைப்பு தற்காலிகமாகத் தடையே போட்டது, 2022இல் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் இது கூடாது என்று தன் நடத்தை விதிகளில் எழுதிக்கொண்டது. அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டாலும், ஆஃபர் கடிதத்தில் "ஃபர்ம் செய்தால்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆஃபரை ஒரு பரிசாக, பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்வதும் தவறு. கொஞ்சம் பின்கதை தெரிந்தால் புரியும். 2012இல் இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. 2015இல் ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற வரம்பும் போனது. அப்புறம் ஒவ்வொரு மாணவரும் ஒரு வருமானம், பிள்ளைகளைப் பிடிக்கப் போட்டி. 2013இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைச் சேர்ந்த பதினெட்டு வயதினருக்கு 3,000க்கும் குறைவான அன்கண்டிஷனல் ஆஃபர்கள்தான் போயின, 2018இல் அது ஏறத்தாழ 68,000. ஐந்து வருடத்தில் பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்களாகிவிடவில்லை. ஆகவே "எங்களை எவ்வளவு விரும்பிக் கேட்கிறார்கள்" என்று நெகிழ்ந்துபோகாமல், அந்த கோர்ஸில் என்னென்ன பாடம், முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், ஊர் எப்படி என்று மற்ற நான்கையும் அலசுவதுபோல இதையும் அலசுங்கள்.

அதற்கு நேரம் இருக்கிறது. எல்லா இடங்களிலிருந்தும் பதில் வந்த பிறகுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளே யூகாஸ் கணக்கில் தெரியும். நவம்பரில் ஒன்று வந்தது, மற்ற நான்கும் இன்னும் வரவில்லை என்றால் காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. விடுதி அறை முதலில் கிடைக்கும், இதோ இவ்வளவு பவுண்டு தள்ளுபடி என்று ஈமெயில் வந்துகொண்டே இருக்கும், வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கடைசி நாளையும் தவறவிட்டால் ஆஃபர்கள் எல்லாம் தானாகக் கைநழுவிப் போகும்.

இனி எனக்கு நெருக்கமான ஒரு கதை. என் அக்கா மகனுக்குக் கணக்கியல் படிக்க டிசம்பரிலேயே அன்கண்டிஷனல் வந்தது. ஃபர்ம் செய்தான். ஜனவரிக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. ஏ, பி, பி வரும் என்று ஆசிரியர்கள் கணித்த பிள்ளை சி, டி, டி எடுத்தான். இடம் போகவில்லை, சேர்ந்தான். இரண்டாம் வருடத்தில் ஒரு நிறுவனத்தில் ஒரு வருடப் பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் முதல் கேள்வியே ஏ லெவல் கிரேடு. குறைந்தது மூன்று பி வேண்டுமாம், அதற்கு மேல் அந்தப் படிவம் அவனை நகரவே விடவில்லை. அன்று அக்கா என்னிடம் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இது அவன் ஒருவன் கதை இல்லை, அன்கண்டிஷனல் ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் கணித்த கிரேடைத் தவறவிடுவது மற்றவர்களைவிட அதிகம் என்று யூகாஸின் சொந்த ஆய்விலேயே தெரிந்தது. ஏ லெவல் கிரேடு வாழ்க்கை முழுக்கக் கூட வரும். வேலைக்கும், உதவித்தொகைக்கும், சில இடங்களில் பட்டம் முடித்த பிறகு மருத்துவத்துக்கு மாறுவதற்கும் கேட்பார்கள். முதல் வருடப் பாடமே ஏ லெவல் பாடத்தின் மேல்தான் எழும்பும் என்பதும் இருக்கிறது, கணக்கை அரைகுறையாக விட்டுவிட்டுப் போய் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள் தெரியும்.

அன்கண்டிஷனல் என்றால் எந்த நிபந்தனையும் இல்லை என்று அர்த்தமில்லை, கிரேடு நிபந்தனைதான் இல்லை. நர்சிங், ஆசிரியப் பயிற்சி, சமூகப் பணி மாதிரி கோர்ஸ்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, மருத்துவச் சோதனையும் இருக்கலாம். பழைய சான்றிதழ்களின் மூலப் பிரதியைக் கேட்பார்கள். நம் குடும்பங்களில் இதைவிடப் பெரிய சிக்கல் கட்டண வகை. உள்நாட்டு மாணவர் என்றால் இங்கிலாந்தில் 2025-26க்கு அதிகபட்சம் 9,535 பவுண்டு, வெளிநாட்டு மாணவர் என்றால் பெரும்பாலும் அதைப்போல இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். பிள்ளை இங்கேயே பள்ளி முடித்திருந்தாலும் குடும்பத்தின் விசா நிலையையும் எத்தனை வருடம் இங்கே இருந்தார்கள் என்பதையும் வைத்துத்தான் இது முடிவாகும். ஆஃபர் கடிதத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள், தெளிவாக இல்லையென்றால் ஃபர்ம் செய்வதற்கு முன்பே சேர்க்கைப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் கடன் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி, அதையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் அன்கண்டிஷனல் என்றாலே சந்தேகப்படவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் வருடத்திலேயே, பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பார்க்கும் ஹையர் பரீட்சையை எழுதிவிடுகிறார்கள், ஆறாம் வருடத்தில் வரும் அன்கண்டிஷனல் ஆஃபர் ஏற்கெனவே எடுத்த மார்க்குக்குக் கிடைத்தது. ரிசல்ட் கையில் இருக்க ஒரு வருடம் இடைவெளி விட்டு விண்ணப்பிப்பவர்களும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் வேண்டிய மார்க்கையும் ஆங்கிலத் தேர்வையும் காட்டிய பிறகு வருவதுதான், விசாவுக்கான சேர்க்கை எண்ணும் அதன் பிறகே. கலைக் கல்விக்கு ஓவியத் தொகுப்பைப் பார்த்துக் கொடுப்பதும் நெடுநாள் வழக்கம்.

ஏற்கெனவே ஃபர்ம் செய்துவிட்டு இப்போது மனம் மாறியிருந்தால்? பதில் கொடுத்துச் சில நாள்தான் ஆகிறது என்றால் இன்றே யூகாஸுக்கு போன் செய்யுங்கள், மாற்ற வழி இருக்கலாம். ரிசல்ட்டுக்குப் பிறகு என்றால், நிரம்பாத இடங்களுக்கு ஆள் சேர்க்கும் யூகாஸின் கிளியரிங் வழியாகத்தான் வேறு இடம் தேட முடியும், அதற்கு இருக்கிற இடத்தை விடுவதற்கான பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்திவிட்டால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அதனால் முதலில் புதிய இடத்துக்கு போன் செய்து, பிள்ளையே பேசி, கோர்ஸ், கட்டணம், விடுதி எல்லாம் கேட்டு, இடம் தருகிறோம் என்று ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் அதற்குப் பிறகு.