ஜோஷிமட் போவது எப்படி: பத்ரிக்கு முன்னால் இரண்டு ராத்திரி

பத்ரிநாத் கிளம்பும் நம்மூர்க் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஜோஷிமட் என்பது இரவு ஒன்பதுக்கு வந்து படுத்து, விடியற்காலை ஐந்துக்குக் காலி செய்யும் ஊர். டூர்காரர் போட்டுக் கொடுக்கும் திட்டமே அப்படித்தான் இருக்கும். இது உடம்புக்கும் கெடுதல், ஊரையும் பார்த்ததாகாது. ஆதிசங்கரர் நிறுவியதாகப் போற்றப்படும் நான்கு மடங்களில் வடக்கு மடமான ஜோதிர்மடம் இங்கேதான் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்று வைணவர்கள் இங்கு வந்து சேவிக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் நான்கு பக்கமும் பனிமலை. இப்போது அரசுப் பலகைகளில் ‘ஜோதிர்மட்’ என்றும் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான்.

கீழே உள்ள முறை, சொந்தமாகத் திட்டம் போட்டு முதல்முறை போகிறவர்களுக்கு.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

முதல் தேர்வு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், நந்தாதேவி (7,816 மீட்டர்) முழுசாகத் தெரியும், கூட்டமும் குறைவு. மே, ஜூனில் போகலாம், ஆனால் அறை வாடகை ஏறியிருக்கும், சாலையில் வண்டிகள் வரிசை கட்டும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்சரிவு அதிகம். போதாததற்கு ஆடி மாத வாக்கில் காவடி யாத்திரை நடக்கும். கங்கை நீர் எடுக்க வரும் லட்சக்கணக்கான பக்தர்களால் ஹரித்வார், ரிஷிகேஷ் சாலைகள் இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய அடைபட்டுவிடும். மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வேறு வழியில்லை. அங்கே பூ நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி. பத்ரிநாத் நடை நவம்பர் நடுவாக்கில் சாத்தப்படும். அதன்பின் ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கு வந்துவிடும். பத்ரியில் உள்ள உத்தவர், குபேரர் மூர்த்திகள் வழியில் உள்ள பாண்டுகேஷ்வரில் தங்கும். ஆகவே குளிர்காலத்தில் போனாலும் தரிசனம் உண்டு, தாங்கும் உடம்பு வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நடை திறக்கும் தேதியை வசந்த பஞ்சமியன்றும், சாத்தும் தேதியை விஜயதசமியன்றும் அறிவிப்பார்கள். அதற்கு முன் டிக்கெட் எடுத்துவிட்டுத் தேதியைத் தேடக் கூடாது.

படி 2: நாள் கணக்கு

ஹரித்வாரிலிருந்து திரும்ப ஹரித்வார் வர ஏழு நாள் ஒதுக்குங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், ஜோஷிமட்டைச் சுற்றி இரண்டு நாள், பத்ரிக்கு இரண்டு நாள், மீதி ஒரு நாள் சும்மா. அந்தச் சும்மா நாளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். சாலை அடைபட்டால் சில மணி நேரத்தில் சரியாவதும் உண்டு, மறுநாள் மதியம் வரை இழுப்பதும் உண்டு. ஒதுக்கிய நாள் மிஞ்சினால் திரும்பும் வழியில் செலவழிக்க இடமா இல்லை!

படி 3: பதிவு

பத்ரிநாத்துக்குப் போவதானால் சார்தாம் யாத்திரைப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் தளத்தில் ஆதார் விவரம் கொடுத்துச் செய்ய வேண்டும்; கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் போலி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவுக் கடிதம் வரும். அச்சிட்டு இரண்டு பிரதி கையில் வைத்திருங்கள், ஏனென்றால் சோதனைச் சாவடி வரும்போது செல்போனில் சிக்னல் இருக்காது. வாடகை வண்டி எடுத்தால் அதற்கு ‘கிரீன் கார்டு’ இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அந்த அட்டை இல்லாத வாடகை வண்டியை யாத்திரைக் காலத்தில் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

படி 4: ரிஷிகேஷிலிருந்து ஏறுவது

ரயிலானால் ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ், விமானமானால் டேராடூனின் ஜாலி கிராண்ட். இதற்கு மேலே எல்லாமே சாலைதான். கர்ணபிரயாகை வரை ரயில் பாதை போடும் வேலை நடக்கிறது.

ரிஷிகேஷ் – ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். நம் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கில் ஐந்து மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது மணி நேரம் ஆனால் நல்ல பயணம், பதினொன்று ஆனாலும் வழக்கம்தான். பேருந்துகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும், எனவே முந்தின இரவு ரிஷிகேஷில் தங்குங்கள். பேருந்தை விட்டால் ஷேர் ஜீப்பில் ருத்ரபிரயாகை, சமோலி என்று துண்டு துண்டாகப் போகலாம். ஆனால் மதியத்துக்கு மேல் ஜீப் நிறைவது மெதுவாகும். இருட்டினால் மலைச்சாலையில் வாடகை வண்டிகளை விடமாட்டார்கள்.

வழியில் ஐந்து சங்கமங்களில் நான்கு வரிசையாக வரும்: தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை. ஐந்தாவதான விஷ்ணுபிரயாகை ஜோஷிமட்டைத் தாண்டிக் கீழே. சமோலிக்குப் பிறகு பீப்பல்கோட்டி வரும். அங்கே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஹேலங் வரை பாகல் நாலா போன்ற சரிவு இடங்கள் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் பசியோடு மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு பாக்கெட் பிஸ்கட், கடலை மிட்டாய், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பைக்குள் இருக்கட்டும்.

வாந்தி வருகிறவர்கள் பின் இருக்கையைத் தொடவே கூடாது. வண்டி ஏறுவதற்கு அரை மணி முன் குமட்டல் மாத்திரை, எண்ணெய்ப் பண்டமில்லாத சிற்றுண்டி, பார்வை தூரத்து மலையில். செல்போனைப் பார்த்தால் மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும். ஏற்றத்தில் ஏசி போட மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால் சண்டை வேண்டாம், எஞ்சின் சூடாகும் என்பதால் அது அந்தப் பக்கத்து வழக்கம்.

படி 5: அறை எடுக்கும்போது சுவரைப் பாருங்கள்

2023 ஜனவரியில் இந்த ஊர் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். நிலம் அமிழ்ந்து 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. ஊர் உட்கார்ந்திருப்பது உறுதியான பாறைமீது அல்ல, பழைய மண்சரிவில் வந்து குவிந்த இடிபாட்டின்மீது. கனமான கட்டுமானம் கூடாது என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது. அதற்குப் பிறகு மாடிமேல் மாடி எழும்பியது. சரியான வடிகால் இல்லாமல் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கியது. அடிவாரத்தை ஆறு அரிப்பதும் நிற்கவில்லை.

இதனால் போகவே கூடாது என்பதில்லை. சுற்றுலாவை நம்பி வாழும் ஊர் அது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆன்லைனில் பதிவு செய்யாதீர்கள். சிங்தார், மனோகர் பாக், சுனில், காந்திநகர் ஆகிய வார்டுகள் மோசமாகப் பாதிக்கப்பட்டவை. முகவரியில் இந்தப் பெயர்கள் இருந்தால் கேள்வி கேளுங்கள். நேரில் போனதும் வாசல் நிலை, படிக்கட்டு, சுவர் மூலை மூன்றையும் பாருங்கள்: விரல் நுழையும் விரிசலோ, சிவப்பில் பெருக்கல் குறியோ இருந்தால் வேறு இடம். ஐந்து மாடி ஹோட்டலைவிட இரண்டு மாடி வீட்டுத் தங்கல் மேல். குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்காமல் வாளியில் குளியுங்கள். நீங்கள் கொட்டும் தண்ணீர் இறங்குவதும் அதே மண்ணுக்குள்தான்.

படி 6: முதல் முழு நாள், ஊருக்குள் நடை

ஜோஷிமட் சுமார் 1,890 மீட்டர் உயரம். ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே; பத்ரிநாத் 3,100 மீட்டர். நேரே ஏறினால் உடம்பு ஒரே தாவலில் 2,700 மீட்டர் போகிறது. நடுவில் இரண்டு ராத்திரி இங்கே தங்கினால் பாதி உயரத்துக்கு உடம்பு பழகிவிடும். இரண்டு ராத்திரி என்று அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

காலையில் கீழே இறங்கி நரசிம்மர் கோயில். மூர்த்தி சிறியது, சாளக்கிராமத் திருமேனி. அவருடைய ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்துவருவதாகவும், அது ஒடியும் நாளில் ஜய, விஜய மலைகள் சேர்ந்து பத்ரியின் வழி அடைபடும் என்றும், பிறகு பெருமாள் பவிஷ்ய பத்ரியில் சேவை சாதிப்பார் என்றும் ஐதிகம். எதிரே உள்ள வாசுதேவர் கோயிலை விட்டுவிடாதீர்கள், பலர் வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

பிறகு மேலே ஜோதிர்மடம். சங்கரர் தவம் செய்ததாகச் சொல்லும் குகையும், கல்பவிருட்சம் என்று வணங்கப்படும் பழைய முசுக்கொட்டை மரமும் இங்கே. இந்த மடத்தின் முதல் ஆசாரியர் தோடகர். கீழ்க் கோயிலிலிருந்து மேலே வர எல்லாம் ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள்.

படி 7: இரண்டாம் நாள், ஔலி

ஜோஷிமட்டிலிருந்து, அதற்கு மேலே உள்ள மலைப் புல்வெளியான ஔலிக்குப் போகும் ரோப் கார் 2023 நில அமிழ்வின்போது நிறுத்தப்பட்டது. பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு அதை நம்பிப் போகாதீர்கள். ஊரில் விசாரித்து, ஓடினால் ஏறலாம். சாலை வழியாக ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். காலை ஏழு மணிக்கே மலைமேல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் மேகம் வந்து மலையை மூடினால், கொடுத்த வாடகை பனிமூட்டத்துக்குத்தான். நந்தாதேவி, துரோணகிரி, ஹாத்தி பர்பத் எல்லாம் இங்கிருந்து தெரியும். மேல் ஔலியிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் கோர்சன் புல்வெளி. வழியில் கடை எதையும் எதிர்பார்க்காமல் தண்ணீர் எடுத்துப் போங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு இரவு கீழே வந்து தூங்குவது, பத்ரிக்கு நல்ல ஒத்திகையும் ஆகிறது.

நடக்க விருப்பமுள்ளவர்கள் ஔலிக்குப் பதிலாகத் தபோவனம் சாலையில் போய் பவிஷ்ய பத்ரி ஏறலாம். காட்டுப் பாதை, துணைக்கு உள்ளூர் ஆள் வேண்டும்.

படி 8: பத்ரிநாத்

சுமார் 45 கிலோமீட்டர். அதிகாலையில் கிளம்பி, வழியில் பாண்டுகேஷ்வரில் யோகத்யான பத்ரியைச் சேவியுங்கள். முதுமை வந்து கோல் ஊன்றி, குனிந்து நடக்கும் காலத்துக்கு முன்பே வதரியை, அதாவது பத்ரியை, வணங்கிவிடுவோம் என்று திருமங்கையாழ்வார் பாடியது, முழங்கால் வலியோடு வரிசையில் நிற்கும்போது நன்றாகவே புரியும்.

அங்கே இரவு தங்குவதானால் தலைவலியைக் கவனியுங்கள். தலைவலியோடு குமட்டல், சாப்பாடு வேண்டாமை, தூக்கமின்மை சேர்ந்தால் அது பயணக் களைப்பல்ல, உயரக் கோளாறு. அன்றைக்கு மானா கிராமத்தையும் வசுதாரா அருவியையும் மறந்துவிட்டு ஓய்வெடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உதவி கேட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். ஆக்சிஜன் குப்பி அதற்கு மாற்றல்ல. டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 9: பையில் என்ன

அக்டோபருக்கு ஆளுக்கு: தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி, ஸ்வெட்டர் ஒன்று, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, மங்கி குல்லா, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. கோயில் வாசலில் காலணியைக் கழற்றியதும் கல் தரை சில்லிடும், காலுறைக்கு வேலை அப்போதுதான். பணம் ரொக்கமாக மூன்று நாள் செலவுக்குக் குறையாமல். ஏடிஎம் காலியாகிவிடும், சிக்னல் போனால் யுபிஐயும் போகும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

படி 10: இறங்குவது

காலை ஆறுக்குள் ஜோஷிமட்டை விட்டால் மதியத்துக்கு மேல் தேவபிரயாகையில் நிற்கலாம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான். பாகீரதியும் அலக்நந்தாவும் இரண்டு நிறத்தில் வந்து கலக்கும் படித்துறையில் இழுப்பு பலம், சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும். அன்றிரவே ரயில் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பும் ரயிலாகப் பாருங்கள். விமானமானாலும் அதே கணக்குதான்.